கேமரா பார்க்காத நீலக்கோடு

என் மேஜைமேல் ஒரு நீள அட்டை இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளம், அரை அடி உயரம், மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தில் கண்ணாடி அணிந்த ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் பார்க்கிறார். ரிப் கெர்பி. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் துப்பறிவாளரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பள்ளி நாட்களில் அவர் தமிழ் பேசித்தான் எனக்குப் பழக்கம். இந்த அட்டையில் ஆங்கிலம் பேசுகிறார். காரணம், இது அச்சான பிரதி அல்ல. ஓவியர் ஜான் பிரென்டிஸ் காலத்தில் அமெரிக்காவில் ஒரு நாளிதழ்த் தொடருக்காகப் பேனாவும் தூரிகையும் தொட்ட அதே அட்டை. சேகரிப்பவர்கள் பேச்சில், 'ஒரிஜினல்'.

கெர்பியின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் வெளிர்நீலப் பென்சில் தீற்றல் ஒன்று உண்டு. கோடு போடாமல் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்த தீற்றல். அச்சில் அது வராது. அந்த இடத்தில் சீரான சின்னப் புள்ளிகள் வந்து சுவருக்குச் சாம்பல் நிறம் கொடுக்கும். நீலம் என்பது அச்சுக்கூடத்தில் இருக்கும் ஆளுக்கு ஓவியர் எழுதிய குறிப்பு: இந்த இடத்தில் புள்ளித்திரை போடுங்கள். அந்த ஆள் அதைப் பார்ப்பார். அச்சுக்காக அட்டையைப் படமெடுக்க எதிரே நிற்கும் கேமரா பார்க்காது.

ஒரே அட்டையில் இருக்கும் ஒரு குறி மனிதக் கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்குத் தெரியவில்லை. இது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஒரிஜினல்கள்மேல் உண்மையான பித்துப் பிடித்தது.

விடை வெள்ளி உப்பில் இருக்கிறது. பழைய பிலிம் சுருளின் உணர்திறன் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்படிகங்களிலிருந்து வருகிறது. ஒளித்துகள் ஒன்று வந்து மோதி, படிகத்துக்குள் ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்துவிட வேண்டும். அப்போதுதான் அங்கே படம் பதியும். நீல ஒளித்துகளுக்கு அதற்கான வலு உண்டு. சிவப்பு ஒளித்துகளுக்குக் கிடையாது, எத்தனை ஆயிரம் வந்து மோதினாலும் பயனில்லை. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் சில சாயங்களைக் கலந்தால் பச்சையையும் இந்த உப்புக்கு உணர்த்த முடியும் என்று கண்டுபிடித்தார். அச்சுக்கூடங்களில் கோட்டுச் சித்திரங்களைப் படமெடுக்க நெடுங்காலம் பயன்பட்ட பிலிம் இந்த வகைதான். நீலமும் பச்சையும் தெரியும், சிவப்புக்குக் குருடு. இருட்டறையில் சிவப்பு விளக்கைத் தைரியமாக எரியவிட்டதும் இதனால்தான்.

இப்போது வெள்ளைத் தாளையும் அதன்மேல் ஒரு வெளிர்நீலக் கோட்டையும் அந்தப் பிலிமின் பக்கம் நின்று பாருங்கள். வெள்ளைத் தாள் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது, அதில் நீலமும் உண்டு. நீலக்கோடும் நீலத்தை ஏறக்குறைய அதே அளவு திருப்பி அனுப்புகிறது. பிலிமுக்கு இரண்டும் ஒன்றே, வெறும் வெள்ளை. சிவப்புப் பென்சிலால் அதே கோட்டைப் போட்டிருந்தால் கன்னங்கரேலென்று விழுந்திருக்கும். போதாததற்கு, இந்தப் பிலிமுக்குச் சாம்பல் நிறம் என்றே ஒன்று கிடையாது. ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை, அந்தப் பக்கம் எல்லாம் கறுப்பு.

இதில் ஒரு நல்ல விளைவு ஒளிந்திருந்தது. சாதாரணப் பென்சில் கோடு கேமராவில் விழுந்துவிடக்கூடும். ஆகவே மை காய்ந்ததும் ரப்பரால் அழித்தார்கள். நீலத்தை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை அவசரத்தில் யாரும் தேவையில்லாததைச் செய்வதில்லை. அதனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஓவியரின் தயக்கங்களும் திருத்தங்களும் உத்தரவுகளும் நீல நிறத்தில் அப்படியே இருக்கின்றன.

கறுப்புக்கு வருவோம். 'இந்திய மை' என்று உலகமெங்கும் ஓவியர்கள் சொல்லும் கறுப்பு மையில் இருப்பது புகைக்கரி. விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து நம் பாட்டிகள் கண்மைக்காகச் சேர்த்த அதே பொருள். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் தடவிய மையிலும் அதுதான். நீருக்கு அசையாமல் இருக்க, பல இந்திய மைகளில் அரக்கைக் கரைத்துச் சேர்ப்பார்கள். கார்பனுக்கு ஒளியால் சிதைவு கிடையாது. சாயங்களின் நிறம் அவற்றின் மூலக்கூறு அமைப்பிலிருந்து வருகிறது, ஒளி அதை உடைத்தால் நிறமும் போய்விடும். கார்பனில் உடைவதற்கு அப்படி ஒன்றுமில்லை. அட்டை பழுப்பேறியிருக்கும், ஓரம் மடிந்திருக்கும், ஆனால் கெர்பியின் கோட்டின் கறுப்பு நேற்றுப் போட்டதுபோல் இருக்கும்.

அந்தக் கறுப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அச்சில் சமமான கறுப்பாகத் தெரிந்த இடம் ஒரிஜினலில் சமமாக இருக்காது. தூரிகை போன தடம், மை அடர்ந்து பளபளக்கும் திட்டு, மை தீரும் நேரத்தில் தாளின் சொரசொரப்பு எட்டிப்பார்க்கும் வரி எல்லாம் தெரியும். சைபீரிய மரநாயின் வால்முடியில் செய்த தூரிகையை இந்தத் தொழிலில் இருந்தவர்கள் உயிராக மதித்தார்கள். அந்த முடி நடுவில் தடித்து நுனியில் தானாகவே கூர்மையாகும். தடித்த வயிறு மையைத் தேக்கி வைக்கும், நுனி இழைக்கோடு போடும். அழுத்தினால் அதே வீச்சில் கோடு விரல் தடிமனாகும். கெர்பியின் கோட்டு மடிப்பு ஒன்று முடி அளவில் தொடங்கி, முழங்கையில் பருத்து, மணிக்கட்டில் மறுபடி முடியாகிறது. ஒரே வீச்சு. கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்த தடமே இல்லை. அச்சில் இதே மடிப்பு கால் அங்குலத்துக்குச் சுருங்கி இருந்திருக்கும். நான் சிறுவயதில் அதைப் பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

பெரிதாக வரைந்து சிறிதாக அச்சிடுவது சும்மா வழக்கம் அல்ல. சுருக்கும்போது கைநடுக்கமும் சேர்ந்து சுருங்கும். அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களுக்கு 1960களின் பிற்பகுதியிலிருந்து 10 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பரப்பில் வரைகிறார்கள். அச்சில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிறது. அதற்கு முன்பு இன்னும் பெரிதாக வரைந்தார்கள்.

இனி விலை. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முதலில் நினைப்பது ஏலச் செய்திகளைத்தான். 2022 ஜனவரியில் ஸ்பைடர்மேனின் கறுப்பு உடையின் பிறப்பைக் காட்டும் ஒற்றைப் பக்கம், மைக் ஜெக் வரைந்தது, 33 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஹெர்ஜே டின்டினின் 'நீலத் தாமரை'க்காக வரைந்து, அட்டைப்படமாக ஏற்கப்படாமல் போன ஓவியம் பாரிஸில் 30 லட்சம் யூரோவைத் தாண்டியது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, நமக்கு இது எட்டாது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அந்தத் தொகையில் பெரும்பகுதி கதாபாத்திரத்தின் புகழுக்கும் அந்தத் தருணத்துக்கும் போகிறது. மையும் தூரிகையும் நீலப்பென்சிலும் எல்லா அட்டையிலும் ஒன்றுதான்.

என் அட்டைக்கு நான் கொடுத்தது ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலையைவிடக் குறைவு. ஏன் இவ்வளவு மலிவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரிப் கெர்பியை 1946இல் தொடங்கியவர் 'ஃப்ளாஷ் கோர்டன்' புகழ் அலெக்ஸ் ரேமண்ட். 1956இல் அவர் கார் விபத்தில் இறந்துவிட, பிரென்டிஸ் தொடரை ஏற்று 1999 வரை நடத்தினார். வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கு 312 துண்டுகள், 40 ஆண்டுகளுக்கு மேல். பெருக்கினால் 13,000ஐத் தாண்டுகிறது. ஆல் வில்லியம்சன் போன்ற உதவியாளர்களின் கைகளும் இடையில் சேர்ந்தன. சரக்கு ஏராளம், கேட்பவர்கள் குறைவு. அலெக்ஸ் ரேமண்ட் தன் கையால் வரைந்த துண்டுகள் இதைப்போல் பல மடங்கு விலை. சரக்கு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. சார்லஸ் ஷூல்ஸ் தன் 'பீனட்ஸ்' தொடருக்கு வரைந்தவை 17,897. ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட என் கைக்கு எட்டாது.

பிரென்டிஸின் துண்டுகளைத் தரம் குறைந்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கார், மழை, கோட் சூட், ஜன்னல் திரை, டெலிபோன் வயர் என்று நிஜ உலகின் பொருள்களைக் கறுப்பு வெள்ளையில் நிறுத்துவதில் அவர் தேர்ந்தவர். சந்தை அவரை ரேமண்டின் நிழலிலேயே வைத்துவிட்டது. பணம் அதிகம் இல்லாத சேகரிப்பாளருக்கு இந்த நிழலில்தான் வேலை. புகழ்பெற்ற தொடரில் நாயகன் தலைகாட்டாத பக்கம், இப்போது யாருக்கும் நினைவில்லாத நாளிதழ்த் தொடர், மை தொடாத பென்சில் முன்வரைவு. இவையெல்லாம் மலிவாகக் கிடைக்கும். கற்றுக்கொடுப்பதில் குறை வைக்காது.

வண்ண வழிகாட்டி என்று ஒரு வகை இருக்கிறது, அதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய அமெரிக்கக் காமிக்ஸின் ஒரிஜினல் பக்கத்தில் வண்ணமே கிடையாது. அது வெறும் கறுப்பு வெள்ளை. பக்கத்தைச் சிறிதாக நகலெடுத்து, அதன்மேல் வண்ணக்காரர் நீர்ச்சாயம் பூசி, ஒவ்வொரு இடத்துக்கும் குறியீடு எழுதுவார். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மை. ஒவ்வொன்றும் இல்லை, கால்பங்கு, அரைப்பங்கு, முழுமை என்று நான்கு நிலை. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. சூப்பர்மேனின் நீல உடையும் அரக்கர்களின் பச்சைத் தோலும் அந்திவானமும் அந்த 64க்குள்தான் பல ஆண்டுகள் வாழ்ந்தன. மனிதத் தோல் நிறத்துக்குச் சிறிது சிவப்பும் சிறிது மஞ்சளும். குறியீடுகளை வைத்து வேறு சிலர் தகடு தகடாகப் பிரித்துத் தருவார்கள். வண்ண வழிகாட்டியைக் கையில் வைத்துப் பார்த்தால், ஒருவர் 64 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதை சொல்லியிருப்பது தெரியும். கோட்டு ஓவியத்தின் விலையில் சிறு பங்குக்கு இது கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: அந்த நீர்ச்சாயம் கார்பன் அல்ல, வெளிச்சத்தில் வெளுக்கும்.

இத்தனை ஒரிஜினல்கள் மிஞ்சியதே ஆச்சரியம். நெடுங்காலம் பதிப்பகங்கள் இவற்றைக் கலையாகப் பார்க்கவில்லை. அச்சாகிவிட்டால் தேவை முடிந்த பொருள். குப்பைக்குப் போனவை உண்டு, வெட்டிச் சிதைத்தவை உண்டு. இ.சி. காமிக்ஸை நடத்திய வில்லியம் கெய்ன்ஸ் விதிவிலக்கு, தன் இதழ்களின் பக்கங்களைப் பத்திரப்படுத்தினார். ஜாக் கிர்பிக்கு (நம் துப்பறிவாளருடன் உறவில்லை) நேர்ந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. மார்வெலின் பாதி உலகத்தை வரைந்தவர். தான் வரைந்த பக்கங்களைத் திரும்பக் கேட்டு 1980களில் ஆண்டுக்கணக்கில் போராடினார். அவர் அங்கே வரைந்தது 10,000 பக்கங்களுக்கு மேல். 1987இல் கைக்கு வந்தது சுமார் 2,000. மீதியில் எத்தனையோ யார் யார் வழியாகவோ சந்தைக்கு வந்து கைமாறின. பழைய பக்கம் ஒன்றை வாங்கும்போது, இது எப்படி இங்கே வந்தது என்று விற்பவரைக் கேட்பது முறை. பதில் வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

போலியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். அச்சுப்பிரதியில் கறுப்பு ஓரத்தில் மைத் துளிகளோ வண்ணப் புள்ளிகளோ தெரியும். மை ஓவியத்தில் கோட்டின் ஓரம் தாளின் நாரோடு ஓடியிருக்கும். வெள்ளைப் பூச்சால் மறைத்த இடங்கள் தடவினால் மேடாக உணரப்படும். ஆனால் தடவாதீர்கள், சாய்ந்த வெளிச்சமே அதைக் காட்டிவிடும். புற ஊதா டார்ச்சும் உதவும். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் ஒளிரூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே ஆலைகளில் பரவின. 1930களின் ஓவியம் என்று சொல்லும் தாள் அந்த ஒளியில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், தாள் பொய் சொல்கிறது. நகலெடுத்து வரைந்த போலியை இதைவிட நுட்பமாகக் கண்டுகொள்ளலாம். மேலே வைத்துத் தடம்பிடித்தவர் எதையும் யோசிக்கவில்லை, ஆகவே திருத்தமே இருக்காது. பிழையே இல்லாத அட்டையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

இன்று கணினித்திரையில் வரைபவர்கள் ஏராளம். அவர்களின் பக்கத்துக்கு ஒரிஜினல் என்று கையில் எடுக்க ஒன்றும் இருக்காது. சிலர் பென்சில் வரைவை ஸ்கேன் செய்து வெளிர்நீலத்தில் அச்சடித்து அதன்மேல் மையிடுகிறார்கள். பழைய நீலம் புது வேலையில் திரும்பி வந்திருக்கிறது. அப்போது ஒரே பக்கத்துக்கு இரண்டு தாள்கள், பென்சில் ஒன்று, மை ஒன்று. எழுத்துகளைக் கணினியில் சேர்ப்பதால் பேச்சுக்குமிழி இல்லாத பக்கங்களே இப்போது அதிகம்.

வாங்கவே முடியாவிட்டாலும் பார்க்க வழி உண்டு. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழின் 24 பக்கங்களை, ஸ்டீவ் டிட்கோ வரைந்தவை, பெயர் சொல்லாத ஒருவர் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டத்தின் ஓரத்தில், காரை மூடிய காராக வரையச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. கோடிக்கணக்கில் விற்றிருக்கக்கூடியதை ஒருவர் சும்மா கொடுத்தார், விண்ணப்பித்துப் போய் யாரும் பார்க்கலாம். 2010 முதல் ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் ஒரிஜினல் பக்கங்களை அதே அளவில், வண்ணத்தில் ஸ்கேன் செய்து புத்தகமாக வெளியிட்டு வருகிறது. கறுப்பு வெள்ளை ஓவியத்தை ஏன் வண்ணத்தில் அச்சிட வேண்டும்? பழுப்பும் பசைக்கறையும் நீலப்பென்சிலும் தெரிவதற்காக. ஒரு பிரதி வாங்கி நான்கு நண்பர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த அட்டையைக் காப்பதுதான் நம் ஊரில் கடினம். முதலில் வெளிச்சம். தாளில் உள்ள ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவில் மங்கலான விளக்கு வைக்கின்றன. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று ஆண்டு முழுக்கத் தொங்கினால் அது 1,46,000 லக்ஸ்-மணி. சென்னையின் உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னல் வழியே நேரடியாக விழுந்தால் ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஓர் ஆண்டுக் கணக்கைத் தீர்த்துவிடும். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஓய்வு கொடுத்தால் ஆறாது. கார்பன் மை பிழைக்கும். மார்க்கர் பேனாவில் போட்ட கையெழுத்தும் நீர்ச்சாயமும் பிழைக்காது. பூஜை அறைக்கு எதிரே, வெயில் படாத சுவர் என்னுடையது. அதிலும் ஆண்டில் சில மாதங்கள்தான் மாட்டுவேன்.

அடுத்து ஈரம். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், இராமபாணப் பூச்சிக்கும்தான். அட்டையைத் தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டி வைக்கக் கூடாது. பாலியெஸ்டர் உறை நல்லது. பி.வி.சி. உறையிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை நாளடைவில் மையையே உரித்துவிடும். ஒரு வேண்டுகோளும் உண்டு, கைகூப்பியே கேட்கிறேன்: லேமினேட் செய்யாதீர்கள். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் படம் வரை லேமினேட் செய்து காப்பாற்றிய பழக்கம் நமக்கு. ஆனால் சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

பழைய அட்டைகளில் ஒட்டிய தாள்துண்டுகள் உண்டு. என் அட்டையிலும் காப்புரிமைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அன்று புழங்கிய ரப்பர் பசை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்லச் சேர்ந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு பழுப்பேறி, கடைசியில் பொடியாகும். சீட்டு ஒருநாள் தானே விழுந்தது. செல்லோடேப் எடுக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். தாள் பராமரிப்பவர்கள் புரதம் நீக்கிய கோதுமை மாப்பசையைப் பயன்படுத்துவார்கள், தண்ணீர் தொட்டால் எப்போது வேண்டுமானாலும் கழன்றுவிடும். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப்பசையின் சுத்தமான அண்ணன் அது. அந்த வேலை தெரிந்த ஒருவர் கிடைக்கும்வரை சீட்டு தனி உறையில் அட்டையோடேயே இருக்கிறது. ஓவியம் என்னிடம் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை என்னிடம் வந்துவிடவில்லை என்பதையும் அந்தச் சீட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சென்ற வாரம் மின்சாரம் போன இரவில் டார்ச்சைத் தாழப் பிடித்து அட்டையின் ஓரத்திலிருந்து அடித்தேன். நடுக்கட்டத்தில் இதுவரை காணாத ஒரு பள்ளம் தெரிந்தது. கறுப்புப் பென்சில் அழுத்தி வரைந்து பிறகு அழித்த தடம். ஒரு கை, ஒரு தொலைபேசி. இப்போது இருப்பதற்கு எதிர்ப்பக்கம், கெர்பியின் மற்றக் காதருகே. அந்தப் பள்ளத்தின் மேல்பாதி பேச்சுக்குமிழிக்கு அடியில் போய் மறைகிறது. வசனம் நீளமாக இருந்திருக்கிறது. குமிழிக்கு இடம் போதவில்லை. தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றியிருக்கிறார்.